கிராப்பில் இல்லாத வீடு

காலை பத்தேகாலுக்கு எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும். தவறாமல் வரும். அந்த விஷயத்தில் நகராட்சியைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் சிம்ரன் மேல் புகார் கொடுக்கத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள்தான் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் மேடம். சொல்கிறேன்.

என் பெயர் தேவேந்திரன். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறேன். முன்பு கட்டம் போட்ட தாளில் போட்டோம், இப்போது கம்ப்யூட்டரில். அதைக் கிராப் என்போம். கிராப்பைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டை சொல்கிறபடி தறி நெய்யும். கிராப்பும் சேலையும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு சேலையில்தான். எங்கள் தொழிலில் இதற்கு இரண்டு பேச்சு இல்லை.

ஆன்லைனில் ஒரு விளையாட்டு இருக்கிறது. சதுரக் கட்டைகளை அடுக்கி எதையும் கட்டலாம். பல பேர் சேர்ந்து ஒரே இடத்தில் கட்டலாம். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எழுந்து நிற்கிற கிராப், அவ்வளவுதான். எங்கள் தெருவையும் தெருக்கோடிக் கோயிலையும் அதில் கட்டலாம் என்று ஆட்களைச் சேர்த்தேன். தலைமை நான். கோபுரம் கமல். தறிகள் சுகாசினி. தெருக்காரர்கள் அவரவர் ஞாபகத்திலிருந்து வீடுகளை வரைந்து கொடுத்தார்கள். கோயில் குளம் சிம்ரன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். வேலை சுத்தம். குளத்துப் படியில் பாசியைக்கூட விடவில்லை.

இரண்டு வருட உழைப்பு. சென்னையில் ஒரு போட்டிக்குக் கொடுத்தோம். கடைசிச் சுற்றில் தெருவுக்கு மேல் ட்ரோன் விட்டுப் படம் எடுப்பார்கள். அதை நாங்கள் கட்டியதன் மேல் வைத்து ஒப்பிடுவார்கள்.

குளம் முடிந்த பிறகுதான் சிம்ரன் தெருவுக்குள் நடந்து பார்த்தாள். கோடிவரை போனாள். திரும்பி வந்தாள். எல்லோரும் ஹெட்போனில் இருந்தோம்.

“அண்ணா, எங்க வூட்ட எந்த ஷேர் ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டீங்க?”

கமல் சிரித்தான். நான் பார்த்தேன். என் வீட்டுச் சுவரும் கிருஷ்ணம்மாள் வீட்டுச் சுவரும் ஒட்டி நின்றன. உண்மையில் நடுவில் சிம்ரன் வீடு இருக்கிறது. அப்பா வீரபத்திரன், அம்மா மேரி. நான் பிறந்ததிலிருந்து எனக்குப் பக்கத்து வீடு.

வேண்டுமென்று விட்டதல்ல. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் வரைந்தார்கள். ஒருவருக்கும் அந்த வீடு ஞாபகம் வரவில்லை. எங்களில் யாரும் அதற்குள் போனதில்லை. மேரியக்காவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதானாலும் என் மனைவி மகாலட்சுமி வாசலில் நின்றுதான் கொடுப்பாள். உள்ளே போகாத வீடு நினைவில் நிற்காது. இது இயல்பு.

இடையில் ஒரு வீட்டைச் செருகினால் தெரு முழுக்க நகர வேண்டும். தெரு நகர்ந்தால் கோபுரம் அதற்கு நேராக நிற்காது. கிராப் முடிந்துவிட்டது. அதனால் சேலையைச் சரிசெய்யப் பார்த்தேன்.

முதலில் முறையாகத்தான் கேட்டேன். வீரபத்திரன் அண்ணன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஐயம்பேட்டையில் நல்ல வீடு காலியாக இருக்கிறது என்றேன்.

“எனக்கு இன்னாத்துக்குப்பா?”

விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் வாய் நுரை பனியனில் விழுந்தது. “மேரி, இங்க வா. தம்பி கம்ப்யூட்டர்ல நம்ம வூட்ட மறந்துட்டாராம். அதனால நாம காலி பண்ணணுமாம்.”

மேரியக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தார். “அதுக்கு இன்னா தம்பி, உங்க வூட்ட எடுத்துட்டு அந்த எடத்துல எங்க வூட்ட வெச்சிடு.”

நியாயமான யோசனை. யோசித்தும் பார்த்தேன். ஆனால் என் வீட்டுக்குள் சுகாசினி கட்டிய தறி இருக்கிறது. அதில் பாவு இழைகூடத் தெரியும். அடுத்தவர் உழைப்பை இடிக்கிறவன் நான் இல்லை.

அவர்கள் வீடு மண் சாந்தில் எழுப்பியது. தண்ணீர் வந்ததும் குடங்களை நிரப்புவேன். பிறகு ஹோஸைப் பின்கட்டுக்கு இழுத்து, அவர்கள் சுவரடியில் விட்டுவிட்டு, தண்ணீர் நிற்கும்வரை டிசைன் வேலை பார்ப்பேன். வாழைக்கு என்று மகாலட்சுமியிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் வாழை இல்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் அண்ணன் வந்தார். “தம்பி, செவுரு ஓதம் ஏறிக்கினு இருக்குது. உங்க பக்கம் பைப்பு எதனா ஒடஞ்சிருக்குதா, பாரேன்.”

பார்த்தேன். உடையவில்லை. அதைத்தான் சொன்னேன். எனக்குப் பொய் வராது.

ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு புதன்கிழமை மத்தியானம் சுவர் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே உத்தரமும் ஓடும். மேரியக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அண்ணனுக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார். அது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் கிராப்பில் வீடே இல்லை. உள்ளே தூங்குகிறவரை எந்தக் கட்டத்தில் வைப்பது?

மண்ணை வாரி அவரை வெளியே எடுத்தவர்களில் நானும் ஒருவன். உயிர் இல்லை. ஷாமியானா, நாற்காலி எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்தேன். சிம்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேரியக்கா ஐயம்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல ஊர். காலி இடத்தின் மேல் கிருஷ்ணம்மாள் பாதி, நான் பாதி என்று தகரம் போட்டுக்கொண்டோம். ஓட்டு நிறத்தில் பெயின்ட் அடித்தேன். மேலிருந்து பார்த்தால் இரண்டு வீடும் ஒட்டினாற்போல்தான் தெரியும்.

எல்லாம் சரியான பிறகு சிம்ரன் இதைச் செய்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டை குறைத்து, கிடைத்த இடத்தில் தன் வீட்டைக் கட்டிவிட்டாள். ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள். கோபுரம் அசையவில்லை. இந்த வழி எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில், கட்டிலுக்கு ஓர் ஆள். அந்த விளையாட்டில் ஊர்க்காரர்கள் என்று ஆட்களை விடலாம். தானாக நடப்பார்கள், பொழுது சாய்ந்தால் தங்கள் கட்டிலைத் தேடிப் போவார்கள். இந்த ஆளின் தலைக்கு மேல் ‘அப்பா’ என்று எழுதியிருந்தாள்.

தெருவில் இல்லாத வீட்டை எப்படி விட்டுவைப்பது? இடித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் கட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் மறுபடி கட்டினாள். மறுபடி இடித்தேன். அடுத்த வாரம் ட்ரோன் வருகிறது. இதுதான் என் புகார்.

அந்த ஆளை நான் தொடவில்லை. ஓர் ஆளை அழிக்க எனக்கு மனம் வராது. தெருவில் விட்டிருக்கிறேன். பகலெல்லாம் நன்றாகத்தான் நடமாடுகிறார். அங்கே பொழுது சாயும்போது மட்டும், என் வீட்டுச் சுவரும் கிருஷ்ணம்மாள் வீட்டுச் சுவரும் சேரும் இடத்துக்கு வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்.

நேற்று சிம்ரன் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். ஹெட்போனில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

“இவர நான் எங்க படுக்க வெக்கிறதுண்ணா?”