மீனு படிக்க வந்த பொண்ணு

இல்லீங்க வார்டன் மேடம், இந்தப் பொண்ணோட அம்மா அப்பா வர மாட்டாங்க. இன்னிக்கும் வர மாட்டாங்க, நாளைக்கும் வர மாட்டாங்க. நீங்க எத்தினி தபா கேட்டாலும் இதே பதில்தான். கோச்சிக்காதீங்க. ஆரணியில பஸ் ஏறி, விழுப்புரத்துல மாறி, மதுரையில மாறி, தூத்துக்குடி வந்து எறங்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிப் போச்சு. அதோ பாருங்க, வேப்ப மரத்தாண்ட பொட்டி மேல உக்காந்துகினு கீறா. அவதான் சுகன்யா. ஆபீஸ்ல அட்மிஷன் முடிஞ்சிருச்சு, பணம் கட்டியாச்சு. ஹாஸ்டல் சாவி மட்டும் நீங்க குடுத்துட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிகினே இருப்பேன்.

நானுங்களா? மாமா. அவங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி. பேரு குமரேசன். செய்யார் பக்கத்துல ஒரு ஷூ கம்பெனிக்கு ஷிப்ட் பஸ்ஸு ஓட்டறேன்.

ஓடி வந்துட்டோமான்னு சந்தேகப்படறீங்க. உங்க கண்ணுலயே தெரியுது. வயசுப் பொண்ணுங்கள வெச்சிப் பாத்துக்கறவங்க, சந்தேகப்படத்தான் வேணும். ஆனா நான் தல குனிஞ்சி நிக்க மாட்டேன். தப்பு பண்ணவன்தானே குனியணும்? முழுசா சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் சாவி குடுக்கறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்க அக்கா வீட்ல பட்டு நெய்யறாங்க. சாயம் போடற பழைய தொட்டி ஒண்ணு பின்னாடி சும்மா கெடந்தது. இவ ஆறாவது படிக்கும்போதே அதத் தேச்சிக் கழுவி, சேவூர் ஏரியிலருந்து கெண்டை, கொரவைன்னு உசுரோட புடிச்சினு வந்து வுட்டா. எங்க அக்கா கொழம்புக்கு ஆச்சுன்னு ஒரு நாள் ரெண்ட எடுத்துட்டா. அன்னிக்குப் பூரா சோறு துன்னல மேடம் இவ. செத்த மீனயும் சும்மா தூக்கிப் போட மாட்டா. பிளேடு வெச்சிக் கீறி, செவுளு எப்படி கீது, வயித்துல இன்னா கீதுன்னு பாப்பா. ஒரு கோடையில தொட்டியில இருந்த அத்தினி மீனும் மெதந்துச்சு. தெருவே கண்ணு பட்டுச்சுன்னு சொல்லுது. இவ மட்டும், தண்ணி சூடாச்சுன்னா மீனுக்குக் காத்து பத்தாது மாமா, நெழலு போடாதது என் தப்புன்னு அழுவுறா.

சரி, கதைக்கு வரேன். இந்த மே மாசம் பன்னெண்டாவது ரிசல்ட் வந்துச்சு. பயாலஜில நூத்துத் தொண்ணூத்தஞ்சு. மேக்ஸ்ல நூத்துப் பன்னெண்டு. இத ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தாலே தெரியல, புள்ள எங்க போவணும்னு? எங்க ஜனத்துக்குத் தெரியல. எல்லாரும் மந்திரம் மாதிரி ஒரே வார்த்த, இன்ஜினியரிங். மறுநாளே ஒருத்தரு பேகு மாட்டினு வீட்டுக்கு வந்துட்டாரு. எந்தக் காலேஜுன்னு சொல்ல மாட்டேன், வேணாம். கம்ப்யூட்டர் சீட்டு, தெருமுனைக்கே பஸ்ஸு, படிச்சதும் வேலன்னு அடுக்கறாரு. இவ அமைதியா கேட்டா. சார், மேக்ஸ்ல எனக்குப் பாஸாவறதே பெரும்பாடு, அங்க மொத வருசமே மேக்ஸாமே, நான் அரியர் எழுதினே கெழவி ஆயிடுவேன். அது இருக்கட்டும், உங்க காலேஜுல மீனு இருக்குதான்னா. அந்தாளு யோசிச்சிட்டு, புதன்கிழம கேண்டீன்ல வறுவல் போடறாங்கம்மான்னாரு!

நீங்களே சிரிக்கறீங்க பாருங்க.

அதுக்கப்புறம் ஆளுக்கு ஒண்ணு. நர்சிங்கு போன்னாங்க, டீச்சர் ட்ரெய்னிங் போன்னாங்க. பாதி பேரு அவ மார்க்க கேக்கவே இல்ல. அவளுக்கு இன்னா புடிக்கும்னு ஒருத்தரும் கேக்கல. அவ ஜூவாலஜி டீச்சரு, ரீனா டீச்சருன்னு பேரு, அவங்க மட்டும்தான், பேப்பர்ல காலேஜுங்க போடறத நம்பாதம்மா, நேர்ல போயி பாரு, உள்ள இருக்கறவங்கள கேளுன்னாங்க. நான் ஷிப்ட் ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு காலியா நிக்கற நேரம் ஒண்ணு இருக்குது. அந்த நேரத்துல அவள செய்யாரு காலேஜுக்கு இட்டுனு போனேன். கவர்மெண்டு காலேஜு, பீஸு கம்மி, தெனம் வீட்டுக்கு வந்துடலாம். எனக்குப் புடிச்சிப் போச்சு.

அருணாச்சலம்னு ஒரு சாரு, தங்கமான மனுசன், லேபத் தொறந்து காட்டனாரு. பாட்டில் பாட்டிலா மீனு. இவ ஒவ்வொண்ணா குனிஞ்சி குனிஞ்சி பாத்துட்டு, சார் இதெல்லாம் செத்தது, உசுரோட எங்க கீதுன்னு கேட்டா. அவரு கோச்சிக்கல. மார்க்க பாத்தாரு. மாட்டு டாக்டருக்கு இது எட்டாதும்மா, ஆச வெச்சிக்காத. நீ கேக்கறது இங்க இல்ல. மீனுக்குன்னே தூத்துக்குடியில நாலு வருசப் படிப்பு இருக்குது. உனக்குக் கெடைக்கலாம், கெடைக்காமயும் போவலாம். கெடைக்கலன்னா நேரா இங்க வா, நான் சொல்லித் தரேன்னாரு. வெளிய வந்ததும் இவ, மாமா, தூத்துக்குடி எம்மாந்தூரம்னா. நான் சொன்னேன், பஸ்ஸு போவுதில்ல, அப்ப கிட்டதான்.

அப்புறம்தான் பேஜாரே ஆரம்பிச்சிது. சொந்தக்காரங்க எல்லாம் கூடிட்டாங்க. பட்டு நெய்யற வீட்டுப் பொண்ணு வலை வீசப் போவுதா, நாலு பேரு இன்னா பேசுவாங்கன்னு ஒரு பெரியவரு குதிக்கறாரு. நான் வுடல. பெரியப்பா, நீ பொழைக்கறதும் நூல்ல, வலை வீசறவங்க பொழைக்கறதும் நூல்ல. உன் நூல்ல சேல வருது, அவங்க நூல்ல சோறு வருது. இதுல நீ எந்த விதத்துல ஒசத்தின்னு கேட்டேன். டிரைவர் பையனுக்கு வாய் நீளம்னாரு. ஆமா, நீளம்தான்னேன்.

அவங்க அப்பா லோகநாதன் அப்படி இல்லீங்க. அதிகம் பேச மாட்டாரு. மெட்ராஸுக்குக் கவுன்சிலிங்குக்கு அவருதான் இட்டுனு போனாரு, நானும் கூடப் போனேன். உள்ள கூப்புடறதுக்கு முன்னாடி அவருக்கு மனசு கேக்கல. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல சுகன்யா, இன்ஜினியரிங்குக்கும் பேரு குடுத்திருக்குதுன்னாரு. இவ அவரு கையப் புடிச்சிகினா. அப்பா, உனக்குத் தறி தெரியும். உன்னத் தூக்கி லாரியில ஒக்கார வெச்சி ஓட்டுன்னா ஓட்டுவியான்னா. அவரு என்னப் பாத்தாரு. நான் மேல ஃபேன பாத்தேன். உள்ள போனாங்க. சீட்டு இருந்துச்சு. கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்து, எனக்கும் அவளுக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்தாரு. அவரு குடிக்கல.

கையெழுத்து போட்ட மனுசன் இங்க வர்றதுக்கு இன்னான்னு கேக்குறீங்க. நீங்க கெட்டிக்காரங்க மேடம். அதான் விசயமே.

படிப்பால வந்த சண்ட இல்ல அது. ஊருக்குத் திரும்பி வந்த அந்த வாரமே அக்கா ஒரு பேச்ச எடுத்தா. இவளுக்குக் கல்யாணம் எப்பவோ முடிவு பண்ணி வெச்சது. இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சதும் தை மாசம் முகூர்த்தம்னு வாயால சொல்லி வெச்சிருந்தாங்க. மீனோ மானோ படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல, தையில தாலிய கட்டிட்டு அனுப்பிடுவோம், நாலு வருசம் கழிச்சி வந்து குடும்பம் நடத்தட்டும்னா. சொந்தக்காரங்க எல்லாம் இதுதான் நியாயம்னாங்க. பெரியப்பாவே ஒத்துக்கினாரு. படிப்பும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு, யாருக்கும் நட்டம் இல்லன்னாங்க.

இவ தொட்டிகிட்ட போயி நின்னுகினா. பேசி இருந்தா சண்ட போட்டிருப்பேன். பேசாம நின்னா பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

மாப்பிள்ள முடியாதுன்னுட்டான் மேடம். சபையிலயே எழுந்து நின்னு, தாலி கட்டி அனுப்பறது மாட்ட கயித்துல கட்டி மேய வுடற மாதிரி. தூரம்தான் போவும், அவுந்து போவாது. நான் கட்ட மாட்டேன், தையிலயும் கட்ட மாட்டேன், நாலு வருசம் கழிச்சும் கட்ட மாட்டேன். எனக்காகக் காத்திருக்கணும்னு அவ மனசுல ஒரு துரும்பு கூட இருக்கக் கூடாதுன்னான். சொம்பு பறந்துச்சு. அக்கா மண்ண வாரித் தூத்தனா. வளத்த கடா மார்ல பாஞ்சிருச்சேன்னு மார்ல அடிச்சிகினா. அவங்க அப்பா மட்டும் தறிக்குழியில எறங்கிட்டாரு. பொண்டாட்டிய மீறி அவரு இங்க வர முடியாது, அவ்ளோதான். பொங்கலுக்கு வருவாரு, பாருங்க. பொண்ணு மேல உசுரு அவருக்கு.

இன்னா மேடம்? நல்ல மனுசனா இருக்கானே, அவன ஏன் அங்கயே வுட்டுட்டு வந்தீங்க, அவன இட்டுனு வந்திருந்தா நானே ஒரு வார்த்த பேசியிருப்பேனேன்றீங்களா?

அக்கா அவன ஏன் வளத்த கடான்னு சொன்னான்னு கேக்கறீங்களா? வளத்தவ அவதானே. எங்கம்மா செத்தப்ப எனக்கு நாலு வயசு. அக்காதான் சோறு ஊட்டனா, ஸ்கூலுக்கு அனுப்பனா, லைசென்ஸ் எடுக்க வளையல கழட்டிக் குடுத்தா. பொண்ணு பொறந்தப்பவே, இது உனக்குடா தம்பின்னு என் மடியில வெச்சா. நான் இவள இடுப்புல தூக்கினு ஆரணி பூரா சுத்தியிருக்கேன். எங்க ஊர்ல இனிமே எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்களாம். குடுக்காம போவட்டுமே.

ஆமாங்க. நான்தான் அது. இன்னாத்துக்கு அப்படிப் பாக்குறீங்க? சாவியக் குடுங்க மேடம், புள்ள பசியோட உக்காந்துகினு கீது.