கித்தார் வாசிக்கிற மாப்பிள்ளை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மகளுக்குப் பேசியிருக்கும் பையனைப் பார்க்கப் போகிறார்கள் என்பது ஆத்தூர் வருவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்ளா. மேடையில ஒரு கித்தாரைக்கூட உடைக்காதவன் என்ன பாட்டுக்காரன்?" என்றார் கணவர்.

"அவன் மாதா கோயில் பாடல் குழுவுல வாசிக்கான். பூசை நடுவுல உடைக்கச் சொல்லுதீங்களா?"

"அந்தக் காலத்து இங்கிலீஷ் ராக் குழுவைக் கேட்டிருந்தா உனக்குத் தெரியும். வாசிச்சு முடிச்சதும் கித்தாரைக் கொளுத்துவான். ஓட்டல் ரூம் டிவியைத் தூக்கி ஜன்னல் வழியா எறிவான். அவன் கலைஞன். பிறகு வந்த பாப் பாட்டுக்காரன் எல்லாம் தலையைச் சீவிட்டு வாரான், மைக்கைத் துடைச்சுட்டுப் பாடுதான்."

"அப்ப டிவியை எறிஞ்சவனுக்கே பிள்ளையக் கட்டிக் குடுங்க. அவனுக்கு எத்தனை பொண்டாட்டியாம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாகுபுரம் நெருங்கியபோது மெதுவாகக் கேட்டார்.

"ஏளா, அந்தக் கித்தாரு, பையன் சொந்தமா வாங்கினதா?"

"இல்ல, கோயிலுக்கு உள்ளது. சாமியார்தான் பூட்டி வச்சிருக்காரு."

"அப்ப உடைக்க மாட்டான். சரின்னு சொல்லிருவோம்."