சத்தம் பத்தல, மாப்ள!

ஹலோ… ஹலோ மாப்ள! எங்கடா இருக்க?… என்னது, நடுரோட்டுலயா?… வேன் நின்னு போச்சா? நல்ல நேரம் பாத்துது போ, அதுக்கு இன்னிக்குத்தான் நாள் கெடச்சுதா!…

சரி சரி, வர முடியாது, புரியுது. நல்லாக் கேளு. சத்தம் பத்தல… ஆமா… ஆமாம்பா, பத்தவே பத்தல. உன் ஸ்பீக்கர் ரெண்டும் மேடைக்கு அடியில, காலையில நீ வச்சுட்டுப் போன இடத்துலயேதான் இருக்கு. நானும் கூடவே கெடக்கேன், மல்லாக்க. தலையைத் தூக்கினா பலகை இடிக்குது. பாட்டு மட்டும் கொசு பாடற மாதிரி வருது…

பாத்துட்டா மாப்ள, உன் மருமக, நம்ம வாண்டு பாத்துட்டா. மேல ஏறி, வெறுங்காலோட நின்னு பாத்தா. அப்புறம் குனிஞ்சு என்னைப் பாத்து உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிட்டா.

ஆமா, காது மெஷினைக் கழட்டியாச்சு. சுத்தி ஆடறப்ப தெறிச்சு விழுதுன்னு உங்க அக்காதான் வாங்கி வச்சுக்கிட்டா. இனிமே வாண்டுக்குப் பாட்டு கால் வழியாதான். பலகை அதிரணும். அதுக்குத்தானே இவ்வளவு கூத்தும்!…

இருங்க டீச்சர்! இதோ, ஆச்சு, ஆச்சு!… டான்ஸ் டீச்சர்டா. குனிஞ்சு முறைச்சுட்டுப் போறாங்க. அவங்க அன்னிக்கே சொன்னாங்க, பின் வரிசையில நிக்கட்டும், மத்த பிள்ளைங்களைப் பாத்து ஆடிக்கட்டும்னு. நான்தான் பெரிய இவனாட்டம், முன் வரிசையிலயே ஆடுவா, சத்தத்துக்கு நான் பொறுப்புன்னு மார்தட்டிட்டு வந்தேன். இன்னிக்குத் தப்பிடுச்சுன்னா அவ அப்புறம் மேடைப் பக்கமே வர மாட்டா. அவ ரோஷம் உனக்குத் தெரியாதா…

ம்… ம்… ஸ்பீக்கர்ல முழுசா திருப்பிட்டேன்பா, இதுக்கு மேல திருப்பினா குமிழ் கையில வந்துடும்… பாட்டுப் பொட்டியிலயா? வாண்டோட இந்தத் தீப்பெட்டி சைஸ் பிளேயர்லயா? அதுலதான்டா வில்லங்கமே, பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது. ஏத்தினா நாலு நம்பர் கேக்குது… பூட்டா? எவன் பூட்டினான்?… அக்காவா!… ஓ… டாக்டர் சொன்னாரா, இருக்கற காதையாவது காப்பாத்துங்கன்னு… சரிதான். இயர்போனை மாட்டிக்கிட்டு முழுசா வச்சுத்தானே வாண்டு கேப்பா. நல்லதுக்குப் பூட்டினதுதான், ஆனா என் கழுத்தைப் பிடிக்குதே!…

எங்க கேக்கறது? உங்க அக்கா அந்தக் கோடியில, திரைக்குப் பின்னால, பிள்ளைங்களுக்குத் தலை சீவிக்கிட்டு இருக்கா. போனை எடுக்கல. நான் இதுக்குள்ளேருந்து ஊர்ந்து போய் வர்றதுக்குள்ள ஜனம் வீட்டுக்குப் போயிடும்…

கல்யாண நாள் போட்டுட்டேன், இல்ல. என் பொறந்த நாள்… இல்லவே இல்ல. வாண்டோடது… அதுவும் இல்ல… உன்னோடதா? போடா டேய்… சரி சொல்லு… தொறந்துடுச்சு! அடிப்பாவி! கட்டின புருஷன் இங்க புழுதியில உருளறேன், தம்பி பொறந்த நாள் கேக்குது அவளுக்கு! சிரிக்காத, சிரிக்காதடா! வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்.

ஏறுது… முழுசா ஏறுது மாப்ள! இல்ல… இரு, இரு. கொட்டு எங்க? குரலையும் காணோம், அடியையும் காணோம். சும்மா ஜிங்கு ஜிங்குன்னு ஓரத்துல ஏதோ கேக்குது… பிளேயர் ஒயரை ஸ்பீக்கரோட மைக் ஓட்டையிலதான்டா சொருகியிருக்கேன், வேற ஓட்டை ஏது இதுல?… என்னது? முழுசா சொருகக் கூடாதா? பாதி வெளிய இழுத்துப் பிடிக்கணுமா? இது எந்த ஊரு வைத்தியம்!… ம்… இழுக்கறேன்… இன்னும் கொஞ்சமா…

ஐயோ! அதிருதுடா! பல்லு ஆடுது எனக்கு!… ஆனா கையை விட்டா போயிடுது… பிடிச்சுக்கிட்டேவா? பாட்டு முடியற வரைக்குமா?… அப்ப அவ ஆடறதை நான் பாக்கவே முடியாதா?…

ம்… ம்… சரி விடு. பெத்தாச்சு, பிடிச்சுத்தான் ஆகணும்.

ஆச்சு டீச்சர், வரச் சொல்லுங்க!… வச்சுடாத மாப்ள, போனை இன்னொரு கையில பிடிச்சுக்கறேன், கூடவே இரு… ஆரம்பிச்சாச்சு… தடதடன்னு வர்றாளுக… முன் வரிசை நடுவுல, என் மூஞ்சிக்கு நேர் மேல, அதான் நம்ம வாண்டு… விழுது மாப்ள! அடி தப்பாம விழுது! புழுதி கண்ணுல கொட்டுது, கொட்டட்டும்!… நீ ஏன்டா ரோட்டுல நின்னு அழற? பொத்திக்கோ, எனக்கும் வந்துடும்…

கை மரத்துப் போச்சு… இல்ல, பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்… கொஞ்சம் மாத்திப் பிடிச்சா… ஐயோ. ஐயையோ மாப்ள. ஒயரு! ஒயரு பிஞ்சு கையோட வந்துடுச்சு!… சொருகறதா? எதைச் சொருகறது, முனை ஸ்பீக்கருக்குள்ள, ஒயரு என் கையில!…

எல்லாக் காலும் நின்னுடுச்சு. ஜனம் சலசலங்குது. டீச்சர் குரல் கேக்குது…

அவளா? அவளும் நின்னுட்டா… இரு… இல்ல, கால் கட்டை விரலால பலகையைத் தட்டறா. திரும்பத் தட்டறா. என்னைக் கேக்கறா மாப்ள, சத்தம் எங்கேன்னு கேக்கறா!

பாட்டோட அடியா? தெரியும்டா, வீட்டுல ராப்பகலா ஓடின பாட்டுதானே, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்… பலகையை அடியிலேருந்து தட்டறதா? கையாலயா?… இரு…

மாப்ள… ஆடறா! டேய், ஆடறாடா! மத்ததுங்க காலும் வந்து சேருது… ஒரு கை பத்தல, போனை வைடா, எனக்கு ரெண்டு கையும் வேணும்!