எச்சில் பட்ட விதை

உலகச் சண்டைக்காலத்தில் ஒரு நாள், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரிவண்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சடாரென்று கேட்டாள்.

"ஏட்டி, எச்சி விதையை வயல்ல போட்டியாமே? எங்கம்மை சொல்லிச் சொல்லி அழுதா."

"ஆமா மதினி, போட்டேன். சர்க்கார்ல விதைக்கக் குடுத்த சோயா மொச்சை, வெளஞ்சதைத் தண்ணி மாத்தி மாத்தி அவிச்சாலும் கசந்துது. என் கைப்பக்குவம் சரியில்லன்னு அத்தை ஊரெல்லாம் சொன்னாவ."

"அதுக்கு?"

"ஒவ்வொரு செடியிலயும் பயறைக் கடிச்சுப் பாத்தேன். ஒரு செடிதான் கசக்கல. அதுல விதை கொஞ்சந்தான். முளை வார பக்கம் பல்லு படாம ஓரத்துல துளி கடிச்சு, அதையும் விடாம ஊணிட்டேன்."

"பூமாதேவிக்கு எச்சியைக் குடுக்கலாமா? தெய்வக்குத்தம்லா!"

"நாக்குல வைக்காம கசப்பு எப்படித் தெரியும்? எரு போட்டும் பாத்தாச்சு, வயலை மாத்தியும் பாத்தாச்சு. கசந்த செடி பெத்தது கசக்கத்தான் செய்யுது. கசக்காதது பெத்தது கசக்கல. இதுல என் கை என்ன செஞ்சுது? அத்தை அழட்டும். அடுத்த வெதைப்புக்கும் கடிச்சுத்தான் போடுவேன்."

இளையவள் மடியிலிருந்து வறுத்த பயறு கொஞ்சம் எடுத்து நீட்டினாள். மூத்தவள் மென்றாள். மறுபடியும் கை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு கை விதை தாயேன்."

"பையிலதான் இருக்கு. எல்லாம் நான் கடிச்சுப் பாத்த விதை. வேணுமா?"

மூத்தவள் பஸ்ஸை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு முந்தானையை விரித்தாள்.