கல்லைக் கழட்டிட்டு ஊதுங்க

கொஞ்சம் நில்லுங்க மாஸ்டர். முதல்ல அந்த நெருப்பை அணைச்சிடுங்க. மனுஷ குலம் ரொம்ப காலமா தலையில சுமந்துட்டு வர்ற ஒரு பெரிய பிழையை நீங்க இப்போ சர்வ சாதாரணமா சொல்லிட்டீங்க. மாணிக்கம் நெருப்புக்கு அஞ்சாதுன்னு. நாடு பிடிச்ச ராஜாவுலேருந்து இந்தத் தெருமுனை அடகுக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் நம்பிட்டிருக்கற விஷயம். தப்பு. அதுவும் பாதித் தப்பு. முழுத் தப்பைவிட அதுதான் மோசம். ஏன்னா பாதி நேரம் அது சரியா வந்து தொலைக்கும்.

கோவிச்சுக்காதீங்க, உங்க கைவேலையைக் குறை சொல்ல வரல. மோதிரத்தை வெட்டி அளவு மாத்தறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லன்னு கேள்விப்பட்டுத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். அளவுதானே, சொல்றேன். முதல்ல கல்லைப் பத்திப் பேசிடுவோம்.

டூப்ளிகேட்டா? பாருங்க, அடுத்த பிழை. டூப்ளிகேட் இல்ல. மண்ணுக்குள்ளேருந்து வந்த மாணிக்கம்தான். ஆனா பிறவியிலயே உடம்பு பூரா விரிசல். அப்படியே விட்டா செங்கல் துண்டு மாதிரி மங்கிக் கெடக்கும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதனால என்ன பண்றாங்கன்னா, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசலுக்குள்ள இறக்கிடறாங்க. கண்ணாடி போய் உட்கார்ந்ததும் வெளிச்சம் எங்கயும் இடறாம உள்ள போய் வெளிய வருது. கல்லு தெளிஞ்சிடுது. விரிசல் போயிடுச்சான்னு கேட்டா, போகல. தெரியல, அவ்வளவுதான்.

இது மேல நீங்க நெருப்பைக் காட்டினீங்கன்னா மாணிக்கம் அசையாது, உள்ள இருக்கற கண்ணாடி இளகிக் கொப்புளிச்சுக்கிட்டு வெளிய வரும். பத்தவைக்கத் தடவுவீங்களே வெண்காரம், அது பட்டா மேல்பக்கத்தை அரிக்கும். அப்புறம் அழுக்குப் போக ஆசிட்ல போடுவீங்க பாருங்க, அதோட கதை முடிஞ்சிது. ஆசிட் வரைக்கும்கூடப் போக வேண்டாம். எலுமிச்சம்பழம் பிழிஞ்ச கையோட ராத்திரி பூரா விட்டாலே போதும், காலையில கல்லு மேல வெள்ளைக் கோடு கோடா தெரியும்.

எனக்கு எப்படித் தெரியுமா? என் தொழிலே அது. பரிசோதனைக் கூடத்துல கல்லை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்து சான்றிதழ் எழுதறவன். பொடி வெச்சு ஊதறது உங்க தொழில், பொடி வெச்சுப் பேசறது எங்க தொழில். ஒரு வார்த்தை பொய் இருக்கக் கூடாது, வாங்கறவனுக்கு ஒண்ணும் புரிஞ்சிடவும் கூடாது, அந்தப் பதத்துல எழுதணும். சிரிங்க, சிரிங்க. எங்க ஆபீஸ்ல அதுக்குத் தனியா பயிற்சியே கொடுப்பாங்க.

ஈரத் துணியைச் சுத்திட்டு ஊதறீங்களா? அதையும் ஒருத்தர் செஞ்சு பார்த்துட்டார். அந்த லென்ஸை எடுத்து இந்த ஓரத்தைப் பாருங்க. கல்லைப் பிடிச்சிருக்கற கொக்கிக்குக் கீழ, பால் ஆடை மாதிரி ஒரு தழும்பு. தெரியுதா? போன தடவை அளவு குறைச்சவரோட கைங்கரியம். அவரும் உங்க மாதிரி அனுபவஸ்தர்தான். கல்லைக் கழட்டச் சொன்னேன். மாணிக்கத்தைப் போய் யாராவது கழட்டுவாங்களா சார்னு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். நான் கடைக்கு வெளிய போன் பேசிட்டு உள்ள வர்றதுக்குள்ள ஊதி முடிச்சிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவ வெளிச்சத்துல அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, பரவாயில்லைங்க, இப்போ எனக்கும் இதுக்கும் ஒரே மாதிரி தழும்புன்னா.

அவன்னா என் வீட்டுக்காரி. மோதிரம் அவளோடது. வயித்துல ஆபரேஷன் பண்ணின தழும்பைச் சொன்னா.

ஆமா, இளைச்சிட்டா. உடம்பு இளைச்சா விரலும் இளைக்கும் இல்லையா. முதல் தடவை மோதிரம் லூசானப்போ எங்களுக்கு ஒரே சந்தோஷம். அதுக்கு முன்னாடிதான் சர்க்கரையைக் குறைச்சு, சாயங்காலமானா நடக்க ஆரம்பிச்சிருந்தா. பார்த்தீங்களா என் விரலைன்னு ஆபீஸுக்கு போன் பண்ணிச் சொன்னா. அவ தங்கச்சிகிட்ட வேற பீத்திக்கிட்டா. ஒரு இனிப்பு டப்பாவோட போய்த்தான் முதல் தடவை அளவு குறைச்சோம். நடக்கறதை நிறுத்தின பிறகும் இளைச்சுக்கிட்டே போனா. அப்போதான் டாக்டர்கிட்ட போனோம்.

அந்தத் தங்கச்சி இருக்காளே, என் கொழுந்தியா, அவ கதையைக் கேளுங்க. அவகிட்ட ஒரு மரகத மோதிரம். மரகதத்துக்கும் உள்ள விரிசல் உண்டு, அதுக்கு எண்ணெய் ஊட்டுவாங்க. இவ என்ன பண்ணினா, பளிச்சுனு ஆகட்டும்னு சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கிற தண்ணில மோதிரத்தை ஊறப்போட்டா. எண்ணெய் பூரா இறங்கிடுச்சு. கல்லு, காஞ்ச குளத்துத் தரை மாதிரி பாளம் பாளமா நிக்குது. கடைக்காரன் கல்லை மாத்திட்டான்னு போய் ஒரே சண்டை. அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டு, சார் உங்க சொந்தத்தை நீங்களே சமாளிங்கன்னார். நான் பொறுமையா உட்கார வெச்சு விளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, எண்ணெய்தானே போச்சு மாமா, இதுக்குப் போய் இவ்வளவு பேச்சான்னு சமையலறைக்குப் போய் எண்ணெய் பாட்டிலோட வந்து நின்னா. அன்னிக்கு என் வீட்டுக்காரி சிரிச்ச சிரிப்பு இருக்கே.

அவ விவரமானவ மாஸ்டர். ஒரு பெரிய நகைக்கடையில கவுன்ட்டர்ல நின்னவ. கஸ்டமர் வந்து இது ஒரிஜினலான்னு கேட்டா, கல்லு பூமியிலேருந்து வந்தது, பளபளப்பு எங்ககிட்டேருந்து வந்ததும்பா. சூடு பண்ணின நீலக்கல்லா, தைரியமா வாங்குங்க, அது காலத்துக்கும் அப்படியே இருக்கும்பா. சாயம் ஏத்தினதா, ஸ்பிரிட் பக்கம் கொண்டு போகாதீங்க, சென்ட் அடிச்சிட்டு அப்புறம் போடுங்கம்பா. மேல்பூச்சுக் கல்லுன்னா, தேய்ச்சுத் துடைக்காதீங்க, துடைக்கிற துணியே அதுக்கு எதிரின்னு சொல்லிடுவா. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அம்மா, உன் நேர்மைக்கு என் கடை தாங்காதுன்னு சொல்லி பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்திட்டார். அங்க போயும் விடல. டப்பாக்குள்ள ஒவ்வொரு கல்லுக்கும் எப்படிப் பார்த்துக்கணும்னு சின்னச் சீட்டு எழுதிப் போட்டுட்டிருந்தா.

கல்லைச் சோதிக்கக் கொடுக்க எங்க ஆபீஸுக்கு வருவா, அப்படித்தான் பழக்கம். கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கறப்போ இந்தக் கல்லை அவளேதான் எடுத்தா. நான் மைக்ராஸ்கோப்புல வெச்சுக் காட்டினேன். உள்ள நீலமா ஒரு மினுக்கு ஓடும், அங்கங்க குட்டிக் குட்டியா காத்துக் குமிழி. இவ்வளவும் விரிசல், இவ்வளவும் கண்ணாடின்னேன். கண்ணை எடுக்காம பார்த்துட்டே இருந்தா. தெரிஞ்சு வாங்கினா ஏமாத்து இல்லையேன்னா.

பார்த்துக்கிட்டதும் அவதான். பாத்திரம் கழுவப் போனா மோதிரத்தைக் கழட்டி ஜன்னல்ல ஒரு கிண்ணத்துல வெச்சிடுவா. மத்த நகையோட போட மாட்டா, வைரம் உரசினா கீறல் விழும்னு. வெதுவெதுன்னு தண்ணி, காரமில்லாத சோப்பு, பிள்ளைங்க பல் தேய்க்கிற பிரஷ். கடையில நகை கழுவற ஆவி மெஷின், அதிர்வு மெஷின், ரெண்டுக்கும் தடை. பதினஞ்சு வருஷத்துக்கு மேல கல்லு மேல ஒரு பொட்டுப் பழுது இல்ல. பழுதெல்லாம் கடைக்கு வந்த பிறகுதான். உங்களைச் சொல்லல.

சான்றிதழ் வார்த்தையைப் பத்திச் சொன்னேனே, ஒண்ணு ஞாபகம் வருது. எங்க ஆபீஸ்ல ஒரு தடவை சான்றிதழைத் தமிழ்ல போடணும்னு முடிவாச்சு. ட்ரீட்மென்ட்டுக்கு என்ன எழுதறது? மேலதிகாரி சிகிச்சைன்னு போடச் சொன்னார். நான் விடுவேனா. சிகிச்சைன்னா குணமாகணும் சார், கல்லு எங்க குணமாகுது, பக்குவம்னு போடுங்கன்னேன். மூணு மீட்டிங் நடந்தது. கடைசியில நான்தான் ஜெயிச்சேன். கீழ இன்னொரு வரி, பராமரிப்புன்னு. முதல் வரியில கல்லுக்கு என்ன செஞ்சிருக்குன்னு இருக்கும், ரெண்டாவது வரியில இனிமே எப்படி வெச்சுக்கணும்னு இருக்கும்.

போன வாரம் டாக்டர் அவரோட ரூமுக்குக் கூப்பிட்டார். ரெண்டு பேரும்தான் போனோம், அவளை விட்டுட்டுப் பேசினா அவளுக்குப் பிடிக்காது. நல்ல மனுஷன், கம்ப்யூட்டரைப் பார்க்காம எங்க முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். இனிமே ட்ரீட்மென்ட் வேண்டாம், வீட்டுல வெச்சு நல்லா பராமரிச்சாப் போதும்னார். என் ரெண்டு வரி. முதல்ல ட்ரீட்மென்ட், அடுத்து பராமரிப்பு, அதே வரிசையில. அவதான் என் கையைத் தட்டி, பார்த்தீங்களா, டாக்டரும் உங்க கட்சிதான், குணமாகும்னு சொல்லவே இல்லன்னா. டாக்டருக்கு ஒண்ணும் புரியல, பாவம்.

இப்போ நான்தான் எல்லாம். வெதுவெதுன்னு தண்ணி, காரமில்லாத சோப்பு. தோல் தாங்காது, தேய்க்கக் கூடாது, ஒத்தி ஒத்தித்தான் எடுக்கணும். ஒத்தினாலும் சில இடத்துல கன்னிப்போயிடுது.

இல்ல மாஸ்டர், நீங்க ஏன் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கிட்டு. உங்களுக்கு எப்படித் தெரியும். தண்ணியா? கொடுங்க.

கழட்டறப்போ கொக்கியை ஒரேயடியா நெம்பாதீங்க. கல்லோட விளிம்பு தெறிச்சிடும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா திறங்க. கழட்டின கல்லை இந்தப் பஞ்சுல வெச்சிடுங்க, நான் கையில வெச்சுக்கிட்டு இப்படியே ஓரமா உட்கார்ந்திருக்கேன். நீங்க தங்கத்தை வெட்டுங்க, பொடி வைங்க, ஊதுங்க, ஆசிட்ல போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. எல்லாம் முடிஞ்சு மோதிரம் நல்லா ஆறின பிறகு கல்லை வாங்கி உட்கார வைங்க.

லேசர் மெஷின் இருக்கற கடைக்குப் போனேனே. அங்க கல்லைக் கழட்டக்கூட வேண்டாம், நல்ல வேலைதான். பத்து நாள் கழிச்சு வாங்கன்னாங்க. பத்து நாள் நமக்குக் கட்டாது. அதான் இங்க வந்தேன்.

அளவு கேட்டுட்டே இருக்கீங்க, இல்ல? எவ்வளவு குறைக்கணும்னா, குறைக்க வேண்டாம் மாஸ்டர். இதுக்கு மேல குறைச்சா கல்லுதான் இருக்கும், வளையம் இருக்காது. அவதான் சொன்னா, போதும், இனிமே என் விரலைத் துரத்திக்கிட்டு ஓடாதீங்க, உங்க விரலுக்குப் பெருசாக்கிடுங்கன்னு. நான் மறுத்துப் பார்த்தேன். பெண்கள் மோதிரம், நான் போட்டுட்டு ஆபீஸ் போனா சிரிப்பாங்கன்னு சொல்லிப் பார்த்தேன். சிரிக்கட்டும், என்ன கல்லுன்னு கேட்டா விரிசலைச் சொல்லுங்க, கண்ணாடியைச் சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்கன்னா. அப்புறம், நான் பார்க்கறப்பவே போட்டுக்காட்டிடணும்னு சொல்லிட்டா.

அதனால இன்னிக்கு முடிச்சுக் கொடுத்தீங்கன்னா நல்லது. இந்த விரல்தான். முட்டி கொஞ்சம் தடிப்பு, பார்த்து எடுங்க. தங்கம் எவ்வளவு சேர்க்கணுமோ சேர்த்துக்குங்க.

அவ விரலா? வெறுமையா இருக்கேன்னு நேத்து அந்த இடத்துல ஒரு சிவப்பு நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டுவிட்டேன். காலையில தலையணை ஓரத்துல கெடந்துது, முடிச்சு அவிழாம.