மிஞ்சிய கிலோமீட்டர்

மனைவி: ...அந்த மாடி வீட்டு பாத்ரூம் லீக்குக்கு எத்தனை தடவை போனீங்க?

பிளம்பர்: மூணு. ஒரு தடவை வாஷரை மறந்துட்டுப் போயிட்டேன்.

மனைவி: அதையும் சேத்தாச்சு. வேலைக்கு வேன் ஓடினது இவ்வளவுதான்.

பிளம்பர்: எங்க இவ்வளவுதான்? மீட்டர் நானூறு கிலோமீட்டர் கூடக் காட்டுதே.

மனைவி: அது... ஆஸ்பத்திரி, மார்க்கெட்டு, உங்க சித்தப்பா வீடு...

பிளம்பர்: சொந்த ஓட்டம்னு நீயேதான அதைத் தனியாக் கழிச்ச?

மனைவி: கழிச்சேனா?

பிளம்பர்: சிவப்புப் பேனாவுல.

மனைவி: அப்ப மீட்டர் கோளாறா இருக்கும். பழைய வண்டிதானே.

பிளம்பர்: பழசுதான். அதுக்காக நின்ன இடத்துலயே ஓடுமா?

மனைவி: என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஒரு டீக்கு ஊரையே சுத்தி வர்றது யாரு?

பிளம்பர்: டீக்கு நானூறா... சரி விடு. வேலைக்குப் போனதாவே எழுது. வரியில கொஞ்சம் குறையும்.

மனைவி: பொய்க் கணக்கா?

பிளம்பர்: “ஏரிக்கரை பங்களா, தொட்டி கழுவினது”ன்னு போடு.

மனைவி: எந்த பங்களா?

பிளம்பர்: இனிமேதான் கட்டணும்.

மனைவி: விளையாடாதீங்க. நாளைக்கு ஆடிட்டர் வராரு. வரி ஆபீஸ்ல தோண்டிக் கேட்டா?

பிளம்பர்: அபராதம் போடுவாங்க. வேனை வித்துக் கட்டிடலாம்.

மனைவி: வேனை வித்துட்டு? குழாயெல்லாம் தலையில தூக்கிட்டுப் போவீங்களா?

பிளம்பர்: போறேன். நீ எழுது... என்ன, பேனா நின்னுடுச்சு?

மனைவி: எழுத மாட்டேன். அந்த நானூறும்... நான் ஓட்டினது.

பிளம்பர்: நீயா?

மனைவி: கத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க குறட்டை விடறப்ப, உங்க அக்காவைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பழகினேன். நாளன்னைக்கு லைசன்ஸ் டெஸ்ட்.

பிளம்பர்: உனக்கெதுக்கு இதெல்லாம்?

மனைவி: பாதி வேலையில சாமான் வாங்க அலையறீங்களே, அதையாவது நான் கொண்டு வந்து குடுத்தா ஒத்தாசையா இருக்கும்னுதான்...

பிளம்பர்: என்கிட்ட கேட்டிருக்கலாமே?

மனைவி: சிரிப்பீங்க. இப்பவே சிரிக்கறீங்க பாருங்க... இருங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

பிளம்பர்: அக்காவை அனுப்பி வெச்சதே நான்தான்டி. நான் சொல்லிக் குடுத்திருந்தா முதல் நாளே சண்டை போட்டுட்டு உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பியிருப்ப. உன்னைக் கூட்டிட்டு வர நான் நடையா நடக்கற தூரத்தை எந்தக் கணக்குல எழுதறது?