பி.பி. நம்பர்

இரும்புலியூரில் எங்கள் தெருவில் முதன்முதலாகப் போன் வந்தது என் வீட்டுக்குத்தான் சார். எழுதிப் போட்டு எட்டு வருஷம் காத்திருந்து, எண்பத்தொன்பதில் கிடைத்தது. தெருவே என் நம்பரைத் தன் நம்பராக எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொண்டது. யாருக்குப் போன் வந்தாலும் நானே ஓடிப் போய்க் கூப்பிடுவேன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, சம்பந்தம் சார் எப்படி என்று நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

எதிர்வீட்டு லோகநாயகி அம்மாள் தனி ஆள். ஒரே மகள் சாவித்ரியை நாக்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கடிதம் போட்டால் மாமியார் பிரித்துப் படித்துவிடுவாளாம். அதனால் சாவித்ரி ஞாயிறு காலை, காய்கறி வாங்கப் போகிற சாக்கில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் நம்பருக்குப் பேசுவாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, புருஷன் அடிக்கிறான் என்று சொல்லிவிட்டாள். அம்மாள் என் ஹாலில் தரையில் உட்கார்ந்து அழுதார். "அடுத்த வாரமும் இப்படித்தான்னா, நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன் சார்" என்றார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் அழுதால் எனக்குத் தாங்காது. என் சுபாவம் அப்படி, என்ன செய்வது.

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. நான் எதிர்வீட்டுக்குப் போகவில்லை. "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்கம்மா, என்கிட்ட சொல்லு" என்றேன். சொன்னாள். பிறகு அம்மாளிடம், "மாப்பிள்ளை மன்னிப்பு கேட்டுட்டாராம். உங்க குரலைக் கேட்டா அவளுக்கு அழுகை வருதாம், இனிமே நானே கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் சேமியா பாயசம் கொண்டுவந்தார்.

இப்படி ஏழு ஞாயிறு. மகளிடம் வாரத்துக்கு ஒரு சாக்குச் சொன்னேன். சாவித்ரி இந்தி கற்றுக்கொண்டாள், புதுப்புடவை வாங்கினாள், மாப்பிள்ளையோடு சினிமாவுக்குப் போனாள். எல்லாம் நான் சொன்னதுதான். அம்மாளுக்கு உடம்பு கொஞ்சம் தேறியது.

கடைசி ஞாயிறு அவள் அழவில்லை. "என்னை வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னேனே அங்கிள், அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. பொறுத்துப் போகச் சொன்னாங்க."

"அம்மாவே சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

சரி அங்கிள் என்று வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது, கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று.

பூத் நோட்டில் என் நம்பர் இருந்ததால்தானே ஸ்டேஷனிலிருந்து என்னைத் தேடி வந்தீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். அவள் கூப்பிட்டதை நான் சொல்லவில்லை. அம்மாள் சொல்லாததைச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த அம்மாள் இன்னும் ஞாயிறு காலை வருகிறார். கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்பார். உங்களைத்தான் கேட்டாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்பேன். அவரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள் சார். அழுவார். பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.